தேய்த்து மினுக்கிய கவச வண்டி

அருங்காட்சியகங்களில் நிற்கும் ராணுவ வண்டிகளின் பெயர்ப்பலகையில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? ஒரு வண்டியை வரிசையாகச் செய்வதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க ஒன்றோ இரண்டோ செய்வார்கள். அந்த முன்மாதிரிகள்தான் அபூர்வம். பல ஊர்களில் அதைச் சாதாரண வண்டி என்று எழுதி வெயிலில் காயவிட்டிருக்கிறார்கள். தப்பு என்று எழுதிப்போட்டால் பதில்கூட வராது. தடிமாடுகள்.

நெற்குப்பையில் ஒரு ஆச்சி தன் பெரிய வீட்டை டிக்கெட் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் கணவர் எங்கோ ஏலத்தில் எடுத்த கவச வண்டி ஒன்று கொல்லையில் நின்றது. சாகும்வரை பங்காளிகள் அவரை 'இரும்புக்கடை' என்றே கூப்பிட்டார்களாம். அந்தப் பேரைத் துடைக்க வேண்டும் என்பது ஆச்சியின் ஒரே ஆசை. என் பொழுதுபோக்கைக் கேள்விப்பட்டு எனக்குப் படம் அனுப்பினார். பக்கத் தகட்டில் சோதனைக்கு அளவுக் கருவிகள் மாட்டிய துளைகள், அச்சில் இல்லாமல் கையால் உளி வைத்துக் கொத்திய எண். முன்மாதிரியேதான். சந்தோஷத்தில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெரிய அருங்காட்சியகம் ஒன்றுக்கு எழுதி, ஓர் அதிகாரியை வரவழைத்தேன்.

எதையும் தொட வேண்டாம் என்று ஆச்சியிடம் சொல்லியிருந்தேன். ஆனால் பெரிய மனிதர் பார்க்க வரும்போது சாமானை அழுக்காக வைப்பது இந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை. காரைக்குடியில் பழைய தூண்களையும் அலமாரிகளையும் மினுக்கும் ஆட்களை வரவழைத்திருந்தார். நானும் அதிகாரியும் போய்ச் சேர்வதற்குள் துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, கொத்திய எண் தெரியாதபடி தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள்.

ஆச்சி முன்பு அனுப்பிய படத்தை அதிகாரியிடம் காட்டினேன். துளையெல்லாம் யார் வேண்டுமானாலும் போடலாமே என்றார் அவர். கடைசியாகப் பையில் கொண்டுபோயிருந்த அரத்தை எடுத்து ஓர் ஓரத்தில் ராவினேன். நிஜக் கவசத் தகட்டில் அரம் வழுக்கும், இதில் பிடித்தது. சோதனை வண்டிகளைச் சாதா இரும்பில் செய்வதுண்டு என்று விளக்கினேன். சினிமாவுக்குச் செய்யும் டம்மியும் சாதா இரும்புதான் என்றார் அவர். அந்த நேரம் பார்த்து, போன வருஷம் இதை வைத்துச் சினிமா எடுத்தார்கள் என்று ஆச்சி பெருமையாகச் சொன்னார். அதிகாரி சிரித்துக்கொண்டே ஆச்சி பலகாரமாக வைத்த கந்தரப்பத்தைத் தின்றுவிட்டுக் காரில் ஏறினார்.

ஆச்சி என்னை நிறுத்தினார். "வாத்தியாரே, நெசமாச் சொல்லுங்க. இது டம்மிதானா?"

ஆறுதலுக்குப் பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. "அசல்தான் ஆச்சி. உங்க வீட்டுக்காரரு வாங்குனதுல உருப்படியானது இது ஒண்ணுதான். அதையும் ஆள் வச்சுத் தேச்சு அழிச்சுட்டீக."

நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டேன்.

சில மாதம் கழித்துப் போனபோது வண்டிக்கு முன்னால் 'சினிமா படப்பிடிப்பு வண்டி' என்று ஆச்சி பலகை வைத்திருந்தார். பங்காளிகள் செத்தவரை இப்போது 'டம்மிச் செட்டியார்' என்கிறார்களாம். அசலுக்கா இந்தப் பலகை, உடனே மாற்றுங்கள் என்று சத்தம் போட்டேன்.

ஆச்சி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இருக்கட்டும். எங்க வீட்டுக்காரரு டம்மிய வாங்கி ஏமாந்தாகன்னு ஊரு சிரிச்சுட்டுப் போகட்டும். நான் அழிச்சேன்னு யாருக்கும் தெரிய வேணாம்."