துரையின் அட்டையில் என் குண்டு

சம்பளப் பணம் எடுத்து வரும் காரில் இனி நானும் துப்பாக்கியோடு வர வேண்டுமாம். தோட்ட மேனேஜர் துரையின் உத்தரவு. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான நான் பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவன்.

அவர் கொடுத்தது உள்ளங்கையில் அடங்கும் புது ரிவால்வர். நேற்று ஆயுத பூஜையில் என் மனைவி அதற்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள், சரியாகக் குறி பார்க்கும் முனையில்.

"அழிச்சிடாதீங்க, சாமி கோவிச்சுக்கும்" என்றாள்.

அழிக்கவில்லை.

இன்று துரையும் நானும் கூலாய் டவுனில் சுட்டுப் பழகும் திடலுக்குப் போனோம். பொட்டுக்கு மேலாகப் பார்த்துச் சுட்டேன். எனக்கு வைத்த குறி அட்டையில் கீறல்கூட இல்லை. பக்கத்தில் துரைக்கு வைத்திருந்த அட்டையில் நட்டநடுவே ஓட்டை. அவரோ இன்னும் தோட்டாவே போடவில்லை.

வேலை போச்சு என்று நினைத்தேன்.

"பாகுஸ், பிரமாதம் கிராணி! என்னோட அட்டையையே குறி வச்சியா? இனிமே கார்ல நீ என் பக்கத்துலதான் உட்காரணும்!" என்றார் துரை.

வீட்டில் சொன்னால், "எல்லாம் அந்தப் பொட்டாலதான்" என்கிறாள் இவள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வழியில் கொள்ளைக்காரன் வந்தால் நான் அவனைக் குறி பார்ப்பதா, துரையைக் குறி பார்ப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.