சூடான துவாலை, ஒரு ஊக்கு

இன்று காலை நடந்துபோகையில் யார் வீட்டு டிரையரிலிருந்தோ வந்த வெதுவெதுப்பான சோப்பு வாசனை, ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊரில் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டின் லாண்டரி ரூமில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கார் கழுவுகிறார்கள்.

சனிக்கிழமைகளில் அம்மாவும் ஆன்ட்டிகளும் துணி மடித்தபடி ஊர்க்கதை பேசுவார்கள். மெஷின்களின் கடகடப்பை மீறி அலறும் சுவர் டிவியில், தோளில் கட்டிய சிவப்புத் துணி படபடக்க, ஒரு பெண் சரிகிற பாலத்தை ஒற்றை ஆளாகத் தாங்கிப் பிடிப்பாள். நான் வாயைப் பிளந்து பார்ப்பேன். அம்மா டிரையரிலிருந்து எடுத்த துவாலையை என் முதுகில் போர்த்தி, தாலிச் சங்கிலியில் எப்போதும் தொங்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கழுத்தருகே குத்திவிடுவாள். அந்தச் சூடு ஆறும்வரை, பள்ளியில் என் பெயரைச் சொல்லிச் சிரிப்பவர்கள்மேல்கூட எனக்குப் பயம் இருக்காது.

ஒருநாள் டிவியைப் பார்த்து அம்மா கேட்டாள்: "அவளுக்கு யாருடி ஊக்கு குத்தி விட்டா?"

"நோபடி, அம்மா. ஷீ இஸ் எ சூப்பர்ஹீரோ."

"அய்யோ, பாவம்டி," என்றாள் அம்மா.

அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். டிவியில் வந்தவளைப் போல ஆகத்தான் ஆசைப்பட்டேன், சர்ஜன் ஆனேன். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் என் பின்னால் நின்று கவுனின் நாடாவைக் கட்டும்போதெல்லாம் அந்தப் 'பாவம்' காதில் விழும். திரும்பி அவளுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் கத்தியைக் கையில் வாங்குவேன்.