திமிங்கிலத்தின் பக்கத்தில் ஒரு சிரிப்பு

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. கொக்கிளாய்க் கரையில் செத்து ஒதுங்கிய திமிங்கிலத்தின் விலாவில் ஒரு கையை வைத்தபடி நான் நிற்கிறேன். மறு கையில் கைபேசி. முகம் கொள்ளாத சிரிப்பு. பொதுச் சுகாதாரப் பரிசோதகனுக்கு அங்கே என்ன சிரிப்பு வேண்டிக்கிடந்தது என்று பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

அந்த வெள்ளிக்கிழமை நான் போயிருக்க வேண்டிய இடம் வேறு. காலபோக நெல் விதைப்புக்கு வயலில் இறங்குமுன் எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை கொடுப்பது எங்கள் வழக்கம். கமக்காரர் அமைப்பின் தலைவர் வீடுவீடாய்ச் சொல்லி, ஊரைப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டி வைத்திருந்தார். குளிசைப் பெட்டியும் வாகனத்தில் ஏறிவிட்டது. அந்நேரம் பார்த்து மேலிடத்து அழைப்பு: திமிங்கிலத்தை நாறுமுன் புதைக்க வேண்டும். வாகனத்தைக் கடற்கரைக்குத் திருப்பினேன். போகிற வழியில் பெட்டியை மண்டபத்தில் இறக்கியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், திமிங்கிலம் பார்க்கும் அவசரத்தில் அது புத்தியில் படவில்லை.

கரையில் நிற்கும்போது தலைவர் கைபேசியில் அழைத்தார்.

“தம்பி, சனம் பாத்துக்கொண்டிருக்கு. நாளைக்கு வயலுக்க இறங்கிறம்.”

“திமிங்கிலம் ஒண்டு ஒதுங்கியிருக்கு அண்ணை. திங்கட்கிழமை கட்டாயம் வாறன்.”

“அது செத்ததுதானே தம்பி. நாங்கள் உயிரோடயெல்லோ நிக்கிறம்.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். யாரோ படமெடுத்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை சொன்னபடி குளிசை கொடுத்தேன். தலைவரும் வாங்கினார். அதற்குள் இரண்டு நாள், வெடித்த பாதங்களோடு சேற்றில் நின்றுவிட்டார். மறுகிழமை காய்ச்சல். வேலை செய்த அலுப்பு என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தாராம். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. நான்காம் நாள் போய்விட்டார்.

திமிங்கிலம் ஒரு லொறி நீளம். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு தன்பாட்டில் திரிந்த பிராணி, யாருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை. அதைப் புதைக்க பெக்கோ இயந்திரம், பொலிஸ், அதிகாரிகள், நான். எலியின் மூத்திரத்தோடு வயல் தண்ணீரில் கலக்கும் கிருமியோ முனை வளைந்த நூல் மாதிரி. நுணுக்குக்காட்டியிலும் இலேசில் அகப்படாது. அதைத் தடுக்க ஒரு பெட்டி குளிசை போதும். பெட்டி என்னிடம்தான் இருந்தது. இரண்டில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று படித்து, அதற்கே சம்பளம் வாங்குகிறவன் நான். ஊர் வேடிக்கை பார்க்கப் போகலாம். நான் பெட்டியை இறக்காமல் போயிருக்கக் கூடாது.

போன மாதம் தலைவரின் மனைவி ஒரு கடிதத்துக்காக அலுவலகம் வந்தார். கதிரையில் இருந்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுதானோ அண்டைக்கு ஒதுங்கினது?”

“ஓம் அக்கா.”

எழுந்து படத்துக்குக் கிட்டப் போனார். திமிங்கிலத்தை அவர் பார்க்கவில்லை.

“நல்லாச் சிரிக்கிறியள் தம்பி,” என்றார்.