விழுங்கி வந்த இரண்டு பெண்கள்

எண்பதுகளில் பதுளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் தாதியாக இருந்தேன். எல்லோருக்கும் மிஸ்ஸி. டொக்டர் சிங்களத்தில் கேட்பதைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் தமிழில் கேட்டுச் சொல்வதும் என் வேலைதான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது பாக்கியத்தின் கதையை.

ஒரு மத்தியானம் அவளை ட்ரொலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம். வயிறு கல்லாக வீங்கியிருந்தது. வாந்தி நிற்கவில்லை. கூட வந்தவன் இஸ்திரி போட்ட சட்டைக்காரன்.

"நான் அண்ணங்க. மலச்சிக்கல்தான் மிஸ்ஸி. பேதிக்கு ஏதாச்சும் குடுங்க, சரியாயிரும்."

"என்னம்மா சாப்பிட்ட?" என்று அவளைக் கேட்டேன். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லங்க."

டொக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதைக் கேட்டதும், வெற்றிலை வாங்கப் போவதாகச் சொல்லி அவன் வெளியே போனான். திரும்பி வரவில்லை.

படத்தில் குடல் நெடுக உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. டொக்டர் என்னிடம் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன்:

"போதைத் தூள ரப்பர்ல கட்டி முழுங்கியிருக்கம்மா. குடலு அடைச்சிருச்சு. ஒரு உருண்டை வெடிச்சாலும் மூச்சு நின்னுரும். பேதி மருந்து ஆகாது. வெளக்கெண்ண கூடவே கூடாது, எண்ண பட்டா ரப்பரு இளகிரும். இப்பவே வயித்தத் தெறந்து எடுக்கணும்."

அவள் அழவில்லை. "அந்தாளு போயிட்டாரா?" என்றாள்.

"போயிட்டான்."

என் கையை இறுக்கிப் பிடித்தாள். "எந் தங்கச்சியும் முழுங்கியிருக்கா மிஸ்ஸி. ராணி. பண்டாரவளையில ஒரு ரூம்ல இருக்கா. அவரு அங்கதான் போயிருப்பாரு. அவளக் காப்பாத்துங்க."

அவன் அண்ணன் இல்லை. வெளிநாட்டில் வீட்டு வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜென்ட். அவர்களிடம் கட்டக் காசில்லை. அதற்குப் பதிலாக மெட்ராசுக்குக் கூட்டிப்போய், விழுங்க வைத்துத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறான். "பவுனு உருண்டைன்னுதான் சொன்னாரு. தானா வெளிய வந்துரும்னாரு."

பொலிசுக்குச் சொன்னோம். வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பாக்கெட்?" என்பதுதான். பண்டாரவளையில் ஒரு பிள்ளை சாகக் கிடக்கலாம் என்று டொக்டர் கத்தினார். ஜீப் இல்லை என்றார்கள். பாக்கியத்தின் வயிற்றிலிருந்து எடுத்ததையெல்லாம் தட்டில் போட்டு எண்ணி, சீல் வைத்த பிறகு ஜீப் கிடைத்தது.

சாயங்காலம் ராணியைக் கொண்டு வந்தார்கள். ஏஜென்ட் அவளுக்கு விளக்கெண்ணெய் புகட்டி, வந்த வரைக்கும் எடுத்துக்கொண்டு, மீதியை அவளோடு விட்டுவிட்டு ஓடியிருந்தான். உதடு நீலம். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மூச்சு எப்போதோ ஒன்று வந்தது.

போதையை முறிக்கும் ஊசி போட்டதும் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா எங்க?"

"இங்கதாம்மா இருக்கா. நல்லா இருக்கா."

"தூக்கமா வருது மிஸ்ஸி."

"தூங்காத. என்னோட பேசு."

உள்ளே உருண்டைகள் கசிந்துகொண்டே இருந்தன. ஊசியின் வேகம் கொஞ்ச நேரந்தான். மறுபடி மூச்சு இறங்கியது, மறுபடி போட்டோம். அலுமாரியில் இருந்த ஊசி தீர்ந்தது. ஒபரேஷன் தியேட்டர் மேசையில் ஏற்றுவதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

பாக்கியம் கண் விழித்தபோது கையைக் கட்டில் கம்பியோடு விலங்கிட்டிருந்தார்கள். வாக்குமூலம் எடுக்கும்வரை எதையும் சொல்ல வேண்டாம் என்று எனக்கு உத்தரவு. அவள் என்னைப் பார்த்த பார்வையில் என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"வெளக்கெண்ண குடுத்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

பாக்கெட்டுகள் துப்பாக்கிக் காவலோடு ஜீப்பில் போயின. ராணியைக் கொண்டுபோக வண்டி தர யாருமில்லை. அவர்களுடைய அப்பா தேயிலைக் கொழுந்து லொறிக்காரனிடம் கெஞ்சி ஏற்றிப் போனார். பாக்கியம் வயிற்றுப் புண் ஆறுமுன்னே மறியல் சிறைக்குப் போனாள். ஏஜென்ட் கொடுத்த பெயரும் பொய், ஊரும் பொய். அவனை யாரும் பிடிக்கவில்லை.

பிள்ளைகளே, வயிற்று வலி என்று ஒருத்தி வந்தால், கூட வந்தவன் அண்ணனோ புருஷனோ, முதலில் அவனை வெளியே அனுப்புங்கள். பிறகு அவளிடம் கேளுங்கள். விழுங்கினேன் என்று சொன்னால் அதோடு நிறுத்தாதீர்கள். "வேற யாரு முழுங்கியிருக்கா?" என்று அந்த நிமிஷமே கேளுங்கள்.