ஏழாவது வரிசைக்கு நான்கு நிமிடம்

வேலை செய்யும் இடத்தில் அவளுக்குப் பெயர் கூட்ஸக்கா. பேச ஆரம்பித்தால் கூட்ஸ் வண்டி மாதிரி பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருக்கும், கடைசிப் பெட்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சாவி தொலைந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் பூட்டு வாங்கிய நாளிலிருந்து ஆரம்பிப்பாள். நடுவில் யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் போச்சு, திரும்பவும் பூட்டுக் கடைக்கே போய்விடுவாள். கேலி செய்தால் கோபம் வராது. "முழுசாச் சொன்னாத்தானே புரியும்?" என்பாள்.

வேலை என்னவோ பேச ஆளே இல்லாத வேலை. மீன், இறைச்சி, காய்கறி எல்லாவற்றையும் உறையவைத்துக் காக்கும் ஒரு பெரிய குளிர்கிடங்கில் அவள் சரக்கு சரிபார்ப்பவள். பத்தொன்பது வருஷம். தடித்த கோட்டும் இரண்டு அடுக்குக் கையுறையுமாக, கழுத்தில் டார்ச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, மூன்று மாடி உயர இரும்பு அடுக்குகளுக்கு நடுவே நடப்பாள். மொத்தம் பதினான்கு வரிசை. எந்தப் பெட்டி எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள்.

அப்படி நடந்தபோதுதான் ஏழாவது வரிசையின் நான்காவது தூணைப் பார்த்தாள். முழங்கால் உயரத்தில் ஒரு நசுங்கல். தூண் லேசாக உள்ளே சாய்ந்திருந்தது. மறுநாள் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றை வாங்கிவந்து, மேலே இரண்டாவது தட்டிலிருந்து தொங்கவிட்டு அளந்தாள். பதினெட்டு மில்லிமீட்டர். அடுத்த வாரம் அதே இடத்தில் இருபத்து மூன்று. அதற்கடுத்த வாரம் முப்பத்தொன்று. அன்று கையுறைக்குள் அவள் விரல்கள் வியர்த்தன.

யார் இடித்தது என்பதும் அவளுக்குத் தெரியும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், ஊரே ஒல்லி என்று கூப்பிடும் குண்டு மனிதர், அவரே வந்து சொன்னார். "ரிவர்ஸ் எடுக்கும்போது பட்டுடுச்சுக்கா. ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கேன். இன்னொண்ணு வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

பராமரிப்பு இன்ஜினியர் வேலையை விட்டுப்போய் இரண்டு மாதம். அந்த நாற்காலி இன்னும் காலியாக இருந்தது. வரிசையின் வாயில் சிவப்பு நாடா கட்டினாள். மதிய ஷிப்டில் அவிழ்த்துவிட்டார்கள். வாசலுக்கு நேரே இருப்பது ஏழாவது வரிசை, அது இல்லாமல் வேலை ஓடாது. மேலாளரிடம் போனாள். முதல் தடவை, அந்த அடுக்குகளை எந்த வருஷம் பொருத்தினார்கள் என்பதில் ஆரம்பித்தாள். அவருக்கு போன் வந்தது, போய்விட்டார். இரண்டாம் தடவை வாசலிலேயே கையைக் கூப்பினார். "கூட்ஸக்கா, இப்ப முடியாது. தயவுசெஞ்சு."

திரும்பி நடக்கும்போதுதான் அந்த எண்ணம் அவளை அடித்தது. தூண் சாய்வது மட்டுமல்ல ஆபத்து. அதைச் சொல்ல வேண்டிய ஆள் அவளாக இருப்பதும்தான்.

வியாழக்கிழமை இயக்குநர்கள் வருவதாக இருந்தது. கூட்டத்தின் பட்டியலில் பாதுகாப்பு என்று ஒரு தலைப்பு உண்டு, பேச ஆள் இல்லை. "நான் பேசறேன் சார்" என்றாள். மேலாளர் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். வேறு வழியில்லை.

"பத்து நிமிஷம். பதினோராவது நிமிஷம் நானே எழுந்து நிறுத்திடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

அவள் கணவர் முடிதிருத்தகம் வைத்திருக்கிறார். ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் அவளை நிற்கவைத்தார். காத்திருப்போர் பெஞ்சில் கல்லூரியில் படிக்கும் மகள், போனில் நேரம் பார்க்க. கூட்டத்தில் காட்ட கூட்ஸக்கா முப்பத்தொரு படங்களை அச்சிட்டு வைத்திருந்தாள். கிடங்கு எப்போது கட்டப்பட்டது, அடுக்கு எங்கிருந்து வந்தது, இரும்பு குளிரில் என்ன ஆகும் என்று போய்க்கொண்டே இருந்தது. பேசினாள், பேசினாள்.

"அம்மா, பத்து நிமிஷம் ஆச்சு" என்றாள் மகள். "நீ இன்னும் தூணுக்கே வரலை."

"வந்துடுவேன்டி. அடித்தளம் போடாம எப்படி..."

"அதுக்குள்ள அது விழுந்துடும்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் முடி வெட்டும் நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவர் துண்டை மடித்து வைத்தார்.

"இந்த நாற்காலியில உக்காரறவங்க எல்லாரும் கதை சொல்லுவாங்க" என்றார். "நான் கேப்பேன், அதுல ஒண்ணும் இல்லை. ஆனா எவ்வளவு வெட்டணும்னு முதல்ல சொல்லிட்டுக் கதையை ஆரம்பிச்சா என் கை வேலை செய்யும். அதைச் சொல்லாமக் கதைக்குப் போயிட்டா, நான் கத்தரியைப் புடிச்சிட்டுச் சும்மா நிக்கணும். கதையும் காதுல ஏறாது. உனக்கு அவங்க என்ன செய்யணும்?"

"ஏழாவது வரிசையைக் காலி பண்ணணும். இன்ஜினியர் வந்து பாக்கற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது."

"அவ்வளவுதானே? அதை எத்தனாவது படத்துல சொல்ற?"

அவள் புரட்டிப் பார்த்தாள். இருபத்தொன்பதாவது படத்தில் இருந்தது.

அன்று மாலை வரை படங்களை வெட்டிக் குறைத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அவள் சண்டை போட்டாள், குழந்தையைப் பிடுங்குவது போல. கடைசியில் மூன்று அட்டைகள் மிஞ்சின. முதல் அட்டையில் என்ன கேட்கிறாள் என்பது. இரண்டாவதில் மூன்று அளவுகளும் நசுங்கலின் ஒரே ஒரு புகைப்படமும். மூன்றாவதில், காலி செய்யும் சரக்கை எங்கே வைப்பது என்பது: இரண்டாவது வரிசையிலும் பதினோராவதிலும் எத்தனை இடம் இருக்கிறது என்று அவள் எண்ணி வைத்திருந்தாள், மூன்று நாள் வேலை. மற்ற படங்கள் பைக்குள் போயின. யாராவது கேட்டால் மட்டும் எடுப்பது என்று ஒப்பந்தம்.

பிறகு கேள்விகள். கணவர் இயக்குநராக மாறி, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "சரிம்மா, எப்ப விழும்?"

"அது வந்துங்க, இரும்பைப் பொறுத்தவரைக்கும்..."

"எப்ப விழும்?"

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "தெரியாது."

"அப்ப தெரியாதுன்னே சொல்லு."

"மதிப்பாங்களா?"

"தெரியாததை இழுத்தடிச்சா, தெரிஞ்சதையும் சேத்து சந்தேகப்படுவாங்க."

வியாழன் காலை பதினோரு மணிக்கு அவள் முறை. பன்னிரண்டே காலுக்குத்தான் கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஃபோர்க்லிஃப்டின் பீப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும் அவள் மூச்சும் நின்றது.

கதவைத் திறந்த மேலாளர் அவள் காதருகே குனிந்தார். "நேரம் ஓடிடுச்சு. நாலு நிமிஷம்தான். அவங்களுக்கு ஒரு மணிக்கு வண்டி."

நீளமான மேசை. அதன் ஒரு முனையில் நிறுவனத் தலைவி, வெள்ளைத் தலைமுடி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் விற்பனை இயக்குநர், கடிகாரத்தைப் பார்த்தபடி. திரையில் வர வேண்டிய நசுங்கலின் புகைப்படத்துக்குப் பதில் யாருடையதோ விற்பனை வரைபடம் நின்றது. மேலாளர் ரிமோட்டைத் தட்டினார், நகரவில்லை. அரை நிமிடம் போனது. குளிரிலேயே வாழ்ந்து பழகிய உடம்பு அந்த அறையின் சூட்டில் நனைந்தது. பத்து நிமிடத்துக்குப் பழகியது நான்குக்குள் எப்படி அடங்கும்? இரண்டாவது அட்டையை விடலாமா, மூன்றாவதையா? முதல் அட்டை மட்டும் எதற்காகவும் விட முடியாதது என்று அப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. திரையை விட்டுவிட்டு மேசை அருகே வந்தாள்.

"ஏழாவது வரிசையில இந்த நேரத்துல ரெண்டு பேர் சரக்கு இறக்கிட்டிருக்காங்க. இந்தக் கூட்டம் முடியறதுக்கு முன்னாடி அவங்களை வெளிய கூப்பிடணும், வரிசையைக் காலி பண்ணணும். அதைக் கேக்கத்தான் வந்திருக்கேன்."

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஏன்?"

அச்சிட்டு வைத்திருந்த புகைப்படத்தை மேசையில் வைத்தாள். மூன்று அளவுகளைச் சொன்னாள், தேதியோடு. தூக்குக்குண்டை யாரிடமிருந்து வாங்கினாள் என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"இது நமக்குப் பெரிய சரக்கு வர்ற வாரம்" என்றார் விற்பனை இயக்குநர். "வாசலுக்கு நேர் இருக்கற வரிசையை மூடச் சொல்றீங்க. எப்ப விழும்?"

"தெரியாது சார்."

அறை சட்டென்று அமைதியானது. அந்த அமைதியை எதையாவது போட்டு நிரப்ப அவள் உடம்பு முழுதும் துடித்தது. இரும்பு, குளிர், பழைய கதைகள் எல்லாம் வாயின் வாசலில் வந்து நின்றன. அட்டையின் விளிம்பை நகத்தால் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"அப்ப வெறும் ஊகம்."

"சாயுதுங்கறது ஊகம் இல்லை சார், அளந்தது. ஒவ்வொரு வாரமும் கூடுது. எப்பன்னு சொல்ல இன்ஜினியர் வேணும். அவர் வர்ற வரைக்கும் சரக்கை ரெண்டுலயும் பதினொண்ணுலயும் வைக்கலாம், இடம் எண்ணிட்டேன். மூணு நாள் ஆகும்."

"யார் இடிச்சது?"

இதற்கு அட்டை இல்லை. முடிதிருத்தகத்தின் கண்ணாடி முன்னால் யாரும் இதைக் கேட்கவில்லை. மேலாளர் அவளையே பார்த்தார். ஒல்லியின் முகம் கண்முன் வந்தது. தெரியாது என்று சொன்னால் பொய். அந்தப் பொய் பிடிபட்டால் அளவுகளும் பொய்யாகிவிடும்.

"தெரியும் சார். ஆனா இப்பச் சொல்ல மாட்டேன். சொன்னா மிச்சம் இருக்கற ஒரு நிமிஷமும் அந்த ஆளைப் பத்தியே போயிடும். தூண் அப்படியே நிக்கும், அதுக்குக் கீழ ரெண்டு பேரும் நிப்பாங்க."

"இது என்ன பேச்சு?" விற்பனை இயக்குநரின் முகம் சிவந்தது. அவர் மேலாளரிடம் திரும்பினார். 

தலைவி புகைப்படத்தை இன்னொரு முறை கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்தார். "போன் பண்ணுங்க. முதல்ல ஆளுங்க வெளிய வரட்டும். மத்ததை அப்புறம் பேசலாம்."

மேலாளர் போனை எடுத்தார். மறுமுனையில் நெடுநேரம் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். "ஏழுலருந்து எல்லாரையும் வெளிய வரச் சொல்லு. இப்பவே. கையில இருக்கறதை அங்கயே வச்சிட்டு வரட்டும்."

அவள் எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. உடைமாற்றும் அறையில் கோட்டை மாட்டிக்கொண்டிருந்ததுதான் அடுத்து நினைவில் நிற்கிறது.

வெளியிலிருந்து ஓர் இன்ஜினியர் வர மூன்று நாளானது, அதற்குள் பக்கத்து வரிசைப் பக்கமிருந்தே பெட்டிகளை எடுத்து வரிசையைக் காலி செய்திருந்தார்கள். நான்காவது தூணைச் சுற்றிச்சுற்றி வந்தவர், இது கொஞ்ச நாள் தாங்கியிருக்கும் என்றார். அவள் முகம் வாடிவிட்டது. அவர் மேலும் உள்ளே போனார். இதுவரை பெட்டிகள் மறைத்திருந்த எட்டாவது தூணின் அடியில் டார்ச்சை அடித்தார். தரையோடு பிடிக்கும் நான்கு போல்ட்டில் மூன்று, எப்போதோ ஏதோ இடித்ததில், அறுந்திருந்தன. நான்காவது தூண் வாராவாரம் சாய்ந்ததற்குக் காரணம் அதுதான்: எட்டாவதின் சுமையும் அதன் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"இது எவ்வளவு நாள் தாங்கியிருக்கும்?" என்று கேட்டார் மேலாளர்.

"இதுல ஆளை வச்சு வேலை வாங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டார் இன்ஜினியர்.

ஒல்லி மறுவாரம் தானாகவே போய் மேலாளரிடம் ஒப்புக்கொண்டார். இரண்டு வாரம் வேலையில்லாமல் இருந்தார், திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். எட்டாவது தூணை இடித்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. விற்பனை இயக்குநர் அதற்குப் பின் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். தலைவி கிளம்பும்போது ஒன்றும் பாராட்டவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தின் பட்டியலில், பாதுகாப்பு என்ற தலைப்புக்கு எதிரே, காலியாக இருந்த இடத்தில் அவள் பதவியைத் தட்டச்சு செய்திருந்தார்கள். அதற்கு ஐந்து நிமிடம்.

புதிய தூண்கள் போட்டு வரிசையைத் திறந்த அன்று, அந்த வியாழக்கிழமை உள்ளே இருந்து, நடுவில் வேறு கிடங்கு வேலைக்குப் போயிருந்த இரண்டு சுமை இறக்குபவர்களும் அவளைக் கடந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். "ஏன்க்கா, அன்னைக்குத் திடீர்னு எங்களை எதுக்கு வெளிய கூப்பிட்டாங்க?" என்று ஒருவர் கேட்டார். "ஏதோ சீக்கிரமே சாப்பிட விட்டுட்டாங்கன்னு சந்தோஷமா உக்காந்திருந்தோம்."

அவள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். வண்டியின் சக்கரச் சத்தம் வரிசையின் மறுமுனை வரை போய்ச் சேரும்வரை அவள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.