ஒற்றைச் சக்கர வண்டி

டெலானிபூர் அலுவலகத்தில் உட்கார்ந்து மூன்று மாதம் நான் வரைந்த கைவண்டி அது. கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நிறைந்த வாளிகளைச் சுமந்துதான் மேட்டிலிருந்து இறங்குவார்கள். அவர்களுக்கு மலிவாக ஒரு வண்டி வேண்டும் என்று அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். இரண்டு சக்கரம், இரும்புச் சட்டம். கப்பலில் ஏற்றிக்கொண்டு நானே போனேன்.

மழை விட்ட காலை. முதல் திருப்பத்திலேயே பாதையைவிட வண்டி அகலமாக இருந்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க, வண்டி சாய்ந்து, பால் முழுவதும் சேற்றில் வெள்ளையாக ஓடியது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அப்போதுதான் மேலேயிருந்து அவர் வந்தார். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். பழைய சைக்கிள் சக்கரம் ஒன்று, அதன் இரு பக்கமும் நீண்ட மூங்கில்கள், மூங்கிலில் தாழத் தொங்கும் வாளிகள். ஒரு சொட்டுச் சிந்தாமல் தள்ளிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினார்.

எனக்கு வயிறு எரிந்தது.

"நீங்களே செஞ்சதா?"

"ஆமா சார். முதுகு வலி தாங்கல, அதான்."

"பிரேக் இல்லையே. இறக்கத்துல ஆபத்து" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் முகம் சுருங்கிப் போகவேண்டும் என்றுதான் சொன்னேன்.

"சரிதான் சார். போன வாரம்கூட கால வச்சுத்தான் நிப்பாட்டுனேன்" என்று யோசித்தபடி போனார். மறுநாள், தேய்ந்த செருப்பை வெட்டி ஒரு கட்டையில் அடித்து, கயிற்றை இழுத்தால் சக்கரத்தை அழுத்தும்படி கட்டிக்கொண்டு வந்தார். "இப்ப பாருங்க சார்." நன்றாகவே பிடித்தது.

திரும்பும் கப்பலில் அந்த வண்டியை நோட்டில் வரைந்தேன். கொஞ்சம் மாற்றினால் என்னுடையதாகிவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மாற்றியும் பார்த்தேன். எதை மாற்றினாலும் வண்டி மோசமானது.

அலுவலகத்தில் படத்தைப் பார்த்த அதிகாரி, "பஹுத் படியா!" என்று பாராட்டி என் தோளைத் தட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். "மூங்கில் ஏன் இந்த உயரத்துல?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

"என்னோடது இல்ல சார். கட்சால்ல பால் வெட்டுற ஒருத்தங்க செஞ்சது."

அலுவலகம் இருக்கும் ஊரிலேயே, டாலிகஞ்சில் ஒரு பட்டறையில் அதே மாதிரி வண்டிகள் செய்து அனுப்பினோம். வரைபடத்தின் ஓரத்தில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதியது நான்தான். நண்பர்கள் அதைப் பெருந்தன்மை என்கிறார்கள். யாராவது அந்தப் பெயரைப் புகழ ஆரம்பித்தால் இன்றும் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன்.