நான் வாசித்த கப்பல்

பிரெஞ்சுத் தலைநகரின் ரூ காய் தெருவில் அப்பா வேலை செய்த சாப்பாட்டுக் கடைக்குப் பத்து வயதில் நான்தான் வெளிநாட்டமைச்சு. தமிழ்ப் பள்ளி முடிந்து சனிக்கிழமைகளில் அங்கே போவேன். கார் து நோர் ரயில் நிலையத்தில் யாரோ விட்டுப்போன பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றை அப்பா எடுத்து வைத்திருப்பார். தங்களுக்கு வரும் கடிதத்தை வாசிக்கவே பிள்ளைகளைத் தேடும், கடைக்கு வரும் பெரியவர்களுக்கு, புதிய அமெரிக்க சனாதிபதியைப் பற்றி ஐரோப்பா என்ன நினைக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஊரில் சண்டை கடைசிக் கட்டத்தில் இருந்தது. அதை நிறுத்தக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று கடையில் முடிவாகியிருந்தது.

பத்திரிகைகளும் பல வாரம் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடின. நல்ல செய்தி வாசித்தால் முதலாளி எனக்கு ஒரு மட்டன் ரோல்ஸ் தருவார்.

அன்றைய தலையங்கம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அழகாகப் பேசுகிறார், செய்வது குறைவு, தூரத்துச் சண்டைகளில் தலையிடுவார் என்று யாரும் காத்திருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சனத்தை ஏற்ற அவர் கப்பல் அனுப்புகிறாராம் என்றேன்.

"உண்மையே பிள்ளை?" என்றார் முதலாளி.

"ஓம்."

இரண்டு ரோல்ஸ் கிடைத்தன. அப்பா அந்தத் தலையங்கத்தை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பின்னேரம் செவ்ரானில் இருந்த எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. சண்டைக்குள் அகப்பட்டிருந்த மாமி, அப்பாவின் தங்கை. சனம் வெளியேறத் தொடங்கிவிட்டது, நாங்களும் போகவா என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

"ரண்டு நாள் பொறு தங்கச்சி. கப்பல் வருகுதாம். இஞ்சை பேப்பரிலை போட்டிருக்கு, பிள்ளை வாசிச்சவள்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏச்சு விழும் என்று பயந்து கணக்குக் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

கப்பல் வரவில்லை. காத்திருந்த இடத்தில் ஷெல் விழுந்து மாமா செத்துப்போனார்.

இரண்டு வருடம் கழித்து மாமி தனியாக எங்களிடம் வந்து சேர்ந்தார். வந்த அன்று சாப்பாட்டின்போது கேட்டார். "அந்தக் கப்பலுக்கு என்ன நடந்தது, அண்ணை?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "பேப்பர்க்காரங்கள் பொய் எழுதிப்போட்டாங்கள்" என்றார். தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். சோறு கூட நன்றாக இறங்கியது.

போன வருடம் அப்பாவின் பழைய கடதாசிகளுக்குள் ஒரு கொப்பி கிடைத்தது. குடியுரிமைக்காக அவர் பிரெஞ்சு படித்த கொப்பி, மாமி வருவதற்கு முந்தின வருடத்தது. உள்ளே அந்தத் தலையங்கம் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழில் கருத்து எழுதியிருந்தார், கடைசி வரி வரைக்கும்.

மாமி இன்றைக்கும் இந்த நாட்டுப் பேப்பர் எதையும் நம்புவதில்லை. நான் வாசித்துச் சொன்னால் மட்டும் நம்புகிறார்.